சப்பாத்தைக் கழற்றச் சொன்னவள் நான்

மகள்,

முந்தாநாள் நீ போனை வைத்த பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன், இன்றுதான் முடிக்கிறேன். "ரெண்டு வரிதானேம்மா, எழுதிக் குடுத்திட்டா எல்லாம் முடிஞ்சிரும்" என்று நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. எழுதிக் கொடுக்காதே என்று நான் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்டிருப்பாய். அதற்கு விடையாக ஐந்து வருடத்துக் கதை ஒன்று இருக்கிறது. அதில் பாதி நீ கண்ணால் கண்டது. மற்றப் பாதியை நான் உன்னிடம் மறைத்தேன். அதனால்தான் கடிதம். இதை உறைக்குள் போட்டு ஒட்டமாட்டேன். பஸ்ஸில் கொண்டுவந்து தருகிறவர் வாசித்தாலும் வாசிக்கட்டும். கோயில் சடங்கு மலருக்கு வருடா வருடம் அம்மன் அருளைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பவள் நான். இந்த வருடம் இதைத்தான் கொடுக்கப் போகிறேன். போடமாட்டோம் என்றால் சடங்கன்று கோயில் மடத்தில் இருந்து சத்தமாக வாசிப்பேன். ஊர் முழுக்க உன்னைப் பற்றிப் பேசிவிட்டது. பேசினவர்கள் பதிலையும் கேட்கத்தான் வேண்டும்.

முதலில் நடந்ததைச் சரியாக எழுதிவைக்கிறேன். ஏனென்றால் இங்கே அது நாலு வாய் மாறி, நீ அம்மன் படத்தைக் காலால் தள்ளினாய் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. சண்டை முடிந்ததும் வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்கு ரோட்டும் பாலமும் போடத் தொடங்கினார்கள். உன்னிச்சைக்குப் போகிற பக்கம் கட்டுகிற பாலத்தில், வேலைப் பாதுகாப்பைப் பார்க்கிற பகுதிக்குப் பயிற்சிக்கென்று ஒரு ஆளை எடுத்தார்கள். ஆறு மாதம் நின்றால் அனுபவச் சான்றிதழ் தருவார்கள். அந்த இடத்தை உனக்கு வாங்கித் தந்தவர் நம்முடைய கோயில் வண்ணக்கர். அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன், உனக்குப் பெரியப்பா. கோயில் நிர்வாகத்தைப் பார்ப்பது போலவே பாலத்துக்குக் கூலியாட்களைக் கொடுப்பவரும் அவர்தான். நாலாவது மாதம், முதல் தூணுக்குக் கொங்கிறீட் போடுகிற நாளில் நேரம் பார்த்துப் பூசை வைத்தார்கள். தூணுக்கு வெட்டிய குழி ஆளுயரத்துக்கு மேல். அடியில் கட்டிய கம்பிகளின் முனைகள் மேலே பார்த்தபடி நின்றன. தேங்காய் உடைத்து, மஞ்சள் தண்ணீரைக் கம்பிகளுக்குத் தெளிப்பதற்காக எட்டுப் பேர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏணியில் இறங்கப் போனார்கள். நீ குறுக்கே நின்றாய். "சப்பாத்துப் போட்டுட்டு இறங்குங்க. இல்லாட்டி மேல நிண்டு தெளியுங்க" என்றாய். "சாமி காரியத்தில சப்பாத்தா? நீ ஆரு புள்ள அதச் சொல்ல?" என்று பெரியப்பா கேட்டார். நீ விலகவில்லை. நல்ல நேரம் போய்விட்டது. கொங்கிறீட் லொறி வெயிலில் நின்றது. மனேஜர் வந்து எல்லார் முன்னாலும் உன்னை நீ தங்கியிருக்கிற அறைக்குப் போகச் சொன்னார். இவ்வளவுதான் நடந்தது. நீ யாரையும் தள்ளவில்லை. அங்கே அம்மன் படமே இருக்கவில்லை.

இப்போது அவர்கள் கேட்பது ஒரு கடிதம். அதன் வாசகத்தையும் அவர்களே எழுதித் தந்திருக்கிறார்கள் என்றாய்: "யாருக்கும் எந்த ஆபத்தும் இருக்கவில்லை. அனுபவம் இல்லாத காரணத்தால் வேலையைத் தடுத்துவிட்டேன். மன்னிக்கவும்." கையெழுத்துப் போட்டால் மிச்ச இரண்டு மாதமும் நிற்கலாம், சான்றிதழும் கிடைக்கும். போடாவிட்டால் நாலு மாதமும் வீண். திங்கட்கிழமை கடைசி நாள். அந்தச் சான்றிதழ் உனக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மட்டக்களப்பு டவுனுக்குப் போய்ப் படித்த படிப்பை முடித்த நாளில் இருந்து நீ அனுப்பிய விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் நான்தான் தபாலில் போட்டேன். அனுபவம் உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும் என்று ஒவ்வொரு விளம்பரத்திலும் இருக்கும். அனுபவத்தை எங்கே விற்கிறார்கள் என்று ஒருநாள் நீ பேப்பரைச் சுருட்டி எறிந்தாய். உன் மாமிக்கு அந்த வேலை என்னவென்றே கடைசி வரைக்கும் விளங்கவில்லை. "பாதுகாப்பு வேலையாமே, என்னகா, கேட்டில நிண்டு ஆக்கள்ட பேக்கைக் கிண்டுறதா? அதுக்கு இவ்வளவு நாள் செக்பொயின்டுல நிண்டவங்க இரிக்கிறாங்களே" என்று சிரித்தாள். நீயும் சிரித்தாய். பிறகு கிணற்றடியில் நின்று அழுததை நான் கண்டேன்.

பெரியப்பா நேற்று வந்தார். கோபத்தில் வரவில்லை. வாழைப்பழச் சீப்போடு வந்தார், அதுதான் எனக்கு யோசனையாய் இருந்தது. அப்பா கதிரை எடுத்துப் போட்டார்.

"தங்கச்சி, நான் புள்ளைக்குக் கெடுதல் நினைக்கிற ஆளா? நான்தானே வேலையே எடுத்துக் குடுத்தன்."

"ஓம் அத்தான், அத நான் மறக்கல்ல" என்றேன்.

"அப்ப ஒரு கையெழுத்து. மனேஜருக்கும் மரியாத, எனக்கும் மரியாத. மறுகா நான் பாத்துக்கொள்ளுறன்."

"ஆபத்து இருக்கல்லையெண்டு எழுதித் தந்திருக்காங்களே. அது பொய்தானே அத்தான்?"

"ஆருக்கு என்ன நடந்திச்சி? ஒருவனுக்கும் ஒண்டும் நடக்கல்லையே!"

"அவள் விடல்ல, அதால நடக்கல்ல."

அவர் வாழைப்பழச் சீப்பை என் பக்கம் தள்ளி வைத்தார். பிறகு பெரிய ஆயுதத்தை எடுத்தார். "நீ விரதம் இரிக்கிறவ. சடங்கில திருக்குளிர்த்திக்குப் பால் பானை எடுக்கிறவ. உன்ட வாயால சொல்லு, சாமிக்குக் கிட்டச் சப்பாத்தோட போகலாமா?"

"அம்மனுக்குக் கால்ல ஆணி ஏறாது அத்தான். உங்கட ஆக்களுக்கு ஏறும்" என்றேன். அப்பா உள்ளே போய்விட்டார். சிரிப்பை அடக்கத்தான் போனார் என்று எனக்குத் தெரியும். பெரியப்பாவுக்கும் தெரிந்தது. எழும்பிப் போகும்போது படலையில் நின்று, "வீட்டு உறுதிப் பத்திரம் இன்னும் உங்கட கைக்கு வரல்ல, யோசிச்சு நடங்க" என்றார். பயமுறுத்தினாரா, அக்கறையில் சொன்னாரா என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை. இரண்டும் கலந்துதான் இருக்கும்.

நான் அவருக்குச் சொன்ன பதில் நல்ல பதில்தான். ஆனால் அதைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று இரவு முழுக்க யோசித்தேன். இனி மறைத்த பாதிக்கு வருகிறேன்.

சுனாமி நம்முடைய பழைய வீட்டை எடுத்தது உனக்குத் தெரியும், அதை நான் எழுதவில்லை. அடுத்த வருடம் கடலை விட்டுத் தள்ளி, வாவிப் பக்கமாக வீட்டுத் திட்டம் தொடங்கினார்கள். அப்பா அதில் மேசன். நமக்கென்று ஒதுக்கிய வீட்டையும் அவரே கட்டினார். தொண்டு நிறுவனம் ஒன்று மேசன்மார் எல்லாருக்கும் மஞ்சள் தொப்பியும் கறுப்புச் சப்பாத்தும் கொடுத்தது. அநேகம் பேர் சப்பாத்தைக் கலியாண வீட்டுக்குப் போட என்று பெட்டியோடு பத்திரப்படுத்தினார்கள். அப்பா மட்டும் தினமும் போட்டார். "கடலுக்குக் குடுத்ததெல்லாம் போதும், காலையும் குடுக்கேலாது" என்பார். நம் வீட்டுக்கு வாசல் நிலை வைக்கிற நாள் வந்தது. காலையில் நல்ல நேரம். நிலைக்கு நான் மஞ்சளும் குங்குமமும் வைத்து, மாவிலை கட்டி, நவதானிய முடிச்சைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். நீ தண்ணீர் எடுக்கப் போயிருந்தாய். அப்பா சப்பாத்தோடு வந்து நிலையில் கை வைத்தார்.

"இஞ்சேருங்க, அம்மன் வரப்போற வாசல்ல சப்பாத்தோடயா நிக்கிறீங்க? கழட்டுங்க."

"கீழ பலகை கிடக்கு புள்ள. ஆணியெல்லாம் இன்னும் புடுங்கல்ல."

"ஒரு நிமிசம்தானே!"

அவராகவே கழற்றினார் என்றுதான் இத்தனை நாளும் உனக்குச் சொல்லி வைத்திருந்தோம். அவராகக் கழற்றவில்லை. சப்பாத்தைக் கழற்றச் சொன்னவள் நான். அந்தப் பலகைகள் கடல் உடைத்த வீடுகளில் பொறுக்கியவை. உப்பில் ஊறித் துருப்பிடித்த ஆணிகள் அப்படியே இருந்தன. நிலையை நிமிர்த்தும்போது அப்பா ஒரு அடி பின்னால் வைத்தார். ஆணி விரல்களுக்குக் கீழே ஏறி மேலே வந்தது. அவர் சத்தம் போடவில்லை, நிலையையும் விடவில்லை, அது சாயக்கூடாது என்று. நிலை வைக்கிற நேரத்தில் இரத்தம் சிந்தினால் வீட்டுக்குக் கூடாது என்று ஊரில் சொல்வார்கள். அதனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? யாரும் காணும் முன்னால் மஞ்சள் தண்ணீரை ஊற்றி அந்த இடத்தைக் கழுவினேன். பூசையை முடித்தோம். வந்தவர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தோம். அப்பா கால்மேல் கால் போட்டு இருந்து சிரித்துக் கதைத்தார். துரு ஆணி ஏறினால் போடுகிற ஏற்பு ஊசிக்கு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் நம்முடைய குறை எல்லாருக்கும் தெரிந்திருக்கும். நான் மஞ்சளும் விளக்கெண்ணெயும் வைத்துக் கட்டினேன். நாலு நாள் காய்ச்சலைத் திருநீற்றால் இறக்கப் பார்த்தேன். ஐந்தாம் நாள் கால் கறுத்து வந்தபோது நீதான் ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்து நின்று, "அம்மா, நீங்க வாறதெண்டா வாங்க, நான் அப்பாவைக் கொண்டு போறன்" என்றாய். உனக்கு அப்போது பதினாறு வயது. இரண்டு விரலை எடுத்துவிட்டு மிச்சக் காலைத் தந்தார்கள். உன்னால் கிடைத்த கால் அது.

நான் கும்பிடுவதை விடவில்லை. அதையும் ஊருக்குச் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் இதை வாசித்துவிட்டு அவளுக்குச் சாமி நம்பிக்கை போய்விட்டது என்பார்கள். போகவில்லை. அம்மன் என்னிடம் சப்பாத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது நான். என்னுடைய அவசரத்துக்கும், நாலு பேர் பார்க்கிறார்கள் என்கிற வெட்கத்துக்கும் அம்மன் பேரை வைத்தேன். அதைவிடப் பெரிய அவமரியாதையை அவளுக்கு யார் செய்ய முடியும்?

இது முதலாவது பிழை. இரண்டாவது பிழை ஆஸ்பத்திரியில் நடந்தது. அது அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. வீட்டுத் திட்டத்தைக் கட்டிய கொந்தராத்துக்காரர் மூன்றாம் நாள் வார்டுக்கு வந்தார். பிஸ்கட் பெட்டி ஒன்று, தாள் ஒன்று. கால் காயம் பழைய வீட்டு இடத்தைத் துப்பரவாக்கும்போது ஏற்பட்டது, வேலைத்தளத்தில் அல்ல என்று தாளில் எழுதியிருந்தது. "இது வேலையில நடந்ததெண்டு போனா, விசாரணையெண்டு வருவாங்க அக்கா. வேலை நிக்கும். அறுபது குடும்பமும் கொட்டில்ல கிடக்கும். உங்கட பேரும் லிஸ்டில நிக்குமோ தெரியா" என்றார். மரியாதையாகத்தான் பேசினார். நான் கையெழுத்துப் போட்டேன். எங்கள் வயதுக்காரருக்குக் கையெழுத்து என்பது யோசித்துப் போடுகிற ஒன்றாய் இருந்ததில்லை. ஆமி சுற்றிவளைத்தபோது பெயர் பதிந்தோம், அகதி முகாமில் பதிந்தோம், நிவாரணத்துக்குப் பதிந்தோம். விரல் காட்டிய இடத்தில் போடுவோம். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவருக்கு வீண் வம்புதான் வந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவள், உன் பாடப் புத்தகங்களை நீ படித்து முடித்த பிறகு எடுத்துத் தானாகப் படித்தவள், வீட்டில் நடந்த ஒவ்வொன்றையும் தேதி போட்டுக் கொப்பியில் எழுதுகிறவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தக் கொப்பியில் அன்றைய நாளுக்கு "நிலைப் பூசை, பலகை ஆணி, வலது கால், சப்பாத்து இல்லை" என்று உள்ளதை எழுதினேன். அவர்களுடைய தாளில் பொய்யில் கையெழுத்துப் போட்டேன். என் கொப்பியை யார் பார்ப்பார்கள்? அவர்களுடைய தாள்தான் நின்றது. வேலை முடிந்து திறப்பு விழா வைத்தபோது, ஒரு விபத்தும் இல்லாமல் கட்டி முடித்த திட்டம் என்று மேடையில் பேசினார்கள். அப்பா கட்டுப்போட்ட காலோடு முன்வரிசையில் இருந்து கை தட்டினார். "ரெண்டு விரலுக்கு ஒரு வீடு, மோசமில்ல" என்று என் காதுக்குள் சொன்னார். நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அந்தப் பேச்சுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் கேள். அடுத்த திட்டத்தை அதே பலகைகளோடுதான் தொடங்கினார்கள். ஏன் தொடங்கமாட்டார்கள்? ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்று நான்தானே எழுதிக் கொடுத்திருந்தேன். உனக்கு முன்னால் இப்போது வைத்திருக்கிற தாளும் அதே ஜாதித் தாள். அடுத்த தூணுக்கும் பூசை வரும். அப்போது குறுக்கே நிற்கிற ஆளிடம், போன முறை தடுத்த பிள்ளையே ஆபத்து இல்லையென்று எழுதித் தந்திருக்கிறாள், பார் என்று உன் கையெழுத்தை நீட்டுவார்கள். சான்றிதழுக்கு நீ கொடுக்கிற விலை அது, மகள். இரண்டு வரியாக எனக்கு அது தெரியவில்லை.

அனுபவம் இல்லாத காரணத்தால் என்று எழுதச் சொல்லியிருக்கிறார்களே, அதுதான் எனக்கு மிகவும் எரிகிறது. உன் விண்ணப்பங்களில் அனுபவம் என்கிற இடத்தில் நீயே "இல்லை" என்று எழுதியிருந்தாய். தபாலில் போடும்போது ஒவ்வொன்றிலும் அதைப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் பேனையால் வெட்டவேண்டும் போல இருந்தது. அப்பாவின் காலுக்கு ஐந்து மாதம் மருந்து கட்டியது யார்? ஆஸ்பத்திரித் தாதியிடம் கேட்டுக் கேட்டு, கையை எப்படிக் கழுவுவது, சீழின் நிறம் மாறினால் என்ன அர்த்தம் என்று என் கொப்பியில் எழுதியது யார்? அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்து, பால்மாத் தகரப் பேணி ஒன்றையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு அந்த அடுத்த திட்டம் முழுக்கச் சுற்றிப் பலகைகளில் ஆணி பிடுங்கினாய். "ஆணிக்காரி வாறா, காலைத் தூக்குங்கடா" என்று மேசன்மார் பகிடி பண்ணுவார்கள். நீ கணக்கெடுக்கவில்லை. பேணி நிறைந்தால் எனக்குக் காட்டிவிட்டு அடுத்த பேணி எடுப்பாய். அதை விண்ணப்பத்தில் எழுதினால் சிரிப்பார்கள் என்றாய். சிரிக்கட்டும். வேலைத்தளத்தில் ஆபத்தைக் கண்டுபிடித்துத் நானாகவே நீக்கினேன் என்று எழுது. அது உண்மை.

கரடியனாற்று அரிசி ஆலையை மறந்துவிட்டாயா? படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் இருந்தபோது, சம்பளம் வேண்டாம், என்னை நிற்க விடுங்கள் என்று அந்த முதலாளியிடம் போய்க் கேட்டாய். எனக்கே அது அவமானமாய் இருந்தது, இப்போது சொல்கிறேன். மெசினுக்கும் சில்லுக்கும் நடுவே பெல்ட் திறந்தபடி ஓடும். அதற்குப் பக்கத்தில் பெண்கள் சேலைத் தலைப்போடு குனிந்து உமி அள்ளுவார்கள். அதை மூடச் சொன்னாய். "மூடுறதுக்குக் காசிக்கு நான் எங்க போற புள்ள?" என்றார் முதலாளி. செலவில்லாமல் செய்கிறேன் என்று உன் சித்தப்பாவின் பழைய மீன்வலையைக் கொண்டுபோய் இரண்டு மடிப்பாகக் கட்டினாய். வாவிக்கரைப் பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்! மெசினைப் போட்டதும் காற்றில் வலை ஆடி, பெல்ட் அதைப் பிடித்து இழுத்துச் சுற்றி, ஆலை அரை நாள் நின்றது. யாருக்கும் காயம் இல்லை. "நல்ல வேளை, உன்ன நான் சம்பளத்துக்கு எடுக்கல்ல" என்று முதலாளி கத்தினார். நீ வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் எழும்பி, எப்படிக் கட்டினேன், ஏன் இழுத்தது, இனி என்ன செய்ய வேண்டும் என்று மூன்று பக்கம் எழுதி, படமும் கீறிக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தாய். அவர் அதைப் பார்த்துவிட்டு உடைந்த இரும்புக் கட்டிலை வெட்டிக் கூண்டு அடித்தார். அந்தக் கூண்டு இன்றைக்கும் அங்கே இருக்கிறது. பிழை விட்டு, அதை மறைக்காமல் எழுதி, திருத்திவைத்திருக்கிறாய். உன்னுடைய மனேஜர் எத்தனை பிழையை அப்படி எழுதியிருக்கிறார் என்று கேட்டுப் பார். நான் என் பிழையை எழுத ஐந்து வருடம் எடுத்தேன். நீ மூன்று நாள் எடுத்தாய்.

இவ்வளவும் சொன்னதற்காக நீ செய்ததெல்லாம் சரி என்று நினைக்காதே. ஒன்றில் நீ பிழை. பூசை என்று உனக்கு ஒரு கிழமைக்கு முன்னமே தெரியும். நம் ஆட்கள் பூசைக்குச் சப்பாத்தைக் கழற்றுவார்கள் என்பதும் தெரியும், என்னோடு வளர்ந்தவள் நீ. முதல்நாள் பெரியப்பாவிடம் போய், "பெரியப்பா, குழிக்கு மேல பந்தல் போட்டு அங்க வச்சுச் செய்வம், பூசாரியும் நிழல்ல நிப்பார், நீளக் குழாயால மஞ்சத் தண்ணி தெளிப்பம்" என்றிருந்தால், அவர் அதைத் தன் யோசனை என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பார். நல்ல நேரத்தில் எட்டுப் பேர் முன்னால் நின்று தடுத்தால் எந்த மனுசனுக்கும் ரோசம் வரும். அதற்காக அவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேள், வீட்டுக்குப் போய், வாயால், பெரியப்பாவாக. அதை நான் தடுக்கமாட்டேன். முன்னமே சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்கலாம். தடுத்ததற்குக் கேட்காதே. ஆபத்து இல்லை என்று தாளில் எழுதவே எழுதாதே.

இன்று காலை, பாலத்தில் கம்பி கட்டுகிற ஒருவரின் மனைவி கொஞ்சம் மீனோடு வந்தாள். மீனை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். என்ன என்று கேட்டேன். "உங்கட மகள் திரும்பி வருவாவா அக்கா?" என்றாள். தெரியாது என்றேன். "இவர் பின்னேரம் வந்து கால் கழுவக்குள்ள முந்தி எந்த நாளும் ரத்தம் போகும். அவ வந்த பிறகு அப்பிடி இல்ல. சப்பாத்தக் கழட்டினா அந்தப் புள்ள ஏசுமெண்டு இவர் வீட்டு வாசல் வரைக்கும் போட்டுட்டு வாறார்" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சொன்னதைத் தேதி போட்டு எழுதிக்கொண்டேன். உன்னைப் பற்றி நான் வாசித்த முதலாவது சான்றிதழ் அதுதான்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். உன்னைக் கேட்டுச் செய்யவில்லை, ஏனென்றால் இது என்னுடைய கையெழுத்துப் பற்றியது. வீட்டுத் திட்டத்துக் காலத்தில் நான் ஒப்பமிட்டது பொய் என்றும், காயம் வேலைத்தளத்தில், நிலைப் பூசையில், வெறுங்காலில் நடந்தது என்றும் ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கினேன் என்று முத்திரை குத்தித் தந்தார்கள். உறுதி எழுதிக் கொடுக்கிற மேசைக்கு அடுத்த மேசைதான் அது. அந்த எழுதுவினைஞர் வாசித்துவிட்டு, "அக்கா, இத இப்ப ஏன்?" என்று மெதுவாய்க் கேட்டார். "இப்பதான் எழுதப் பழகினன்" என்றேன். வீட்டுக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. மாமி தலையில் கை வைத்துக்கொண்டு இருக்கிறாள். கொண்டுபோக முன்னம் அப்பா நான் எழுதியதை இரண்டு தரம் வாசித்தார். எங்கே கோபிப்பாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "நிலைய விடாமப் பிடிச்சன் எண்டத எழுதாம விட்டுட்டாய்" என்றார். அதையும் சேர்த்து எழுதினேன்.

இன்னொரு பிரதி பாலத்து மனேஜருக்கு. அதைத் தபாலில் போடவில்லை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நானும் அப்பாவும் கொண்டுவருகிறோம். அந்த வேலை உன்னுடையது, முடிவும் உன்னுடையது. இவ்வளவு வாசித்த பிறகும் கையெழுத்துப் போடத்தான் போகிறாய் என்றால் நான் உன் கையைப் பிடிக்கமாட்டேன். பசிக்கிற வயதில் எனக்கு யாரும் இப்படி எழுதித் தரவில்லை என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. போடாமல் வந்தாயானால், ஆலை முதலாளிக்குக் கொடுத்த அந்த மூன்று பக்கத்தின் பிரதியையும் எடுத்துக்கொண்டு பாலத்தடிக்கு வா. சான்றிதழ் தரமாட்டோம் என்றால், நாலு மாதம் நீ அங்கே என்ன செய்தாய் என்பதையாவது எழுத்தில் தரச் சொல்லிக் கேட்போம். அதற்கும் மறுத்தால், எந்தக் காரணத்தால் நிறுத்தினார்கள் என்பதை எழுதித் தரட்டும். பூசைக்குச் சப்பாத்துப் போடச் சொன்னதால் நிறுத்தினோம் என்று அவர்களுடைய தாளில், அவர்களுடைய கையெழுத்தோடு இருந்தால், அதைவிட நல்ல அனுபவச் சான்றிதழை நீ எங்கே தேடப் போகிறாய்? அடுத்த விண்ணப்பத்தில் அதைத்தான் முதலாவதாக வைத்துத் தபாலில் போடுவேன்.

மனேஜர் உள்ளே கூப்பிட்டால் அப்பா கதிரையில் இருந்து காலைக் காட்டுவார். கூப்பிடாவிட்டால் ரோட்டோரத்தில் நின்று, வேலைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் காட்டுவார். வெட்கப்படாதே, அவர் நேற்றில் இருந்து அதற்குத்தான் துடித்துக்கொண்டிருக்கிறார். மூன்று பேருக்கும் மத்தியானத்துக்கு மட்டுமல்ல, பின்னேரத்துக்கும் சோறு கட்டிக்கொண்டு வருகிறேன். பதில் சொல்ல அவர்கள் எவ்வளவு நேரமும் எடுக்கட்டும்.

உன்
அம்மா